ட்ரைலோபைட் வாங்கப் போறீங்களா? பூச்சிய விடுங்க, கல்லப் பாருங்க

ஆந்திராவுல, தமிழ்நாட்டு எல்லைய ஒட்டின நகரிங்கற ஊர்ல, பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்னதா ஒரு மொபைல் சர்வீஸ் கடை நம்மளுது. கண்ணாடி அலமாரில டெம்பர்டு கிளாஸ், சார்ஜர் கேபிள், பேக் கவர் இதுக்கெல்லாம் நடுவுல ஒரு எவர்சில்வர் தட்டு நிறைய கல்லு இருக்கும், ஒவ்வொரு கல்லுலயும் பூச்சி மாதிரி ஏதோ ஒட்டிட்டு இருக்கும், டிஸ்ப்ளே மாத்த வர்றவங்க பாதி பேரு தமிழ்ல கேப்பாங்க பாதி பேரு தெலுங்குல கேப்பாங்க ஆனா கேள்வி ஒண்ணுதான், "இன்னாண்ணா இது, பூரானா கரப்பானா?"

ரெண்டும் இல்ல, ட்ரைலோபைட். கடல்ல வாழ்ந்த ஜீவன், இப்ப கல்லா மாறி பாசிலா கிடைக்குது. சுமார் 52 கோடி வருஷத்துக்கு முன்னாடி வந்துச்சு, 25 கோடி வருஷத்துக்கு முன்னாடி மிச்சமில்லாம அழிஞ்சு போச்சு, டைனோசர் தலைகாட்டறதுக்கு முன்னாடியே இதோட கதை முடிஞ்சிருச்சு. இதுவரைக்கும் 20,000 இனத்துக்கு மேல பேரு வெச்சிருக்காங்க. இப்ப ரீல்ஸ்ல பாத்துட்டு "அண்ணா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், ஒரிஜினலா டூப்பானு எப்படிப் பாக்கறது"னு கேக்கற பசங்க அதிகமாயிட்டாங்க, ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டையே போச்சு, அதான் ஒரேடியா எழுதிடறேன்.

முதல்ல நான் ஏமாந்த கதை, ஏன்னா அதுலதான் பாதி பாடம் இருக்கு. திருப்பதில ஒரு கடை, பேரு வேணாம், சாளக்கிராமம், ஸ்படிகம், ருத்ராட்சம் எல்லாம் விக்கற எடம். (சாளக்கிராமமும் பாசில்தான் தெரியுமா, அம்மோனைட்டுனு ஒரு கடல் ஜீவன், நேபாளத்து கண்டகி ஆத்துல கிடைக்கறது, அதுலயே டூப்பு வருது, அப்ப இதுல வராதா.) அங்க ஒரு ட்ரைலோபைட், உள்ளங்கை சைசு, கரேல்னு, உடம்பு முழுக்க முள்ளு முள்ளா நிக்குது, "மொராக்கோ பீஸு சார்"னான், 6,000 சொன்னான், பேசிப் பேசி 4,500-க்கு முடிச்சேன், ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வந்தேன். ரெண்டு மாசம் கழிச்சு சென்னைல ஒரு எக்சிபிஷன், அங்க ஒரு ஸ்டால்ல அதே பீஸு. அதே மாதிரி இல்லீங்க, அதேதான். இடது கண்ணுக்குக் கீழ கடுகு சைசுல ஒரு பள்ளம், வலது பக்கம் மூணாவது முள்ளு லேசா உள்பக்கமா வளைஞ்சிருக்கு, வால் பக்கம் ஒரு சின்ன சிதைவு. என்னோடதுலயும் இது மூணும் இருக்கு. ரெண்டு ஜீவனுக்கு ஒரே எடத்துல ஒரே அடி எப்படிப் படும்? ஒரே அச்சுல வார்த்தாதான் படும். கால் வெலவெலத்துப் போச்சு.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, சித்தூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்ல 20 வருஷமா வேலை. அவருக்கு ட்ரைலோபைட்டுனா என்னானே தெரியாது. ஆனா அந்தப் பீஸ கைல குடுத்ததும் அவரு பூச்சியப் பாக்கவே இல்ல, திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தப் பாத்தாரு, ஓரத்த வெளிச்சத்துல சாச்சுப் பாத்தாரு, பூச்சியும் கல்லும் சேர்ற எடத்துல நகத்தால ஒரு இழுப்பு இழுத்தாரு, அவ்ளோதான்.

"டேய் மாப்ள, அடில இருக்கறது கல்லு, மேல இருக்கறது கல்லே இல்லடா, லப்பம்டா. கல்லுப் பொடியக் கலந்து பட்டி பாத்து வெச்சிருக்கான்."

"எப்படி மாமா பாத்த உடனே சொல்லிட்டீங்க?"

"பூச்சிய எதுக்குடா பாக்கற, அது உன்ன ஏமாத்தறதுக்குனே செஞ்சது. கல்லப் பாரு. கல்லுல ஒரு லைன் ஓடுதா? அது பூச்சி மேலயும் ஏறி அந்தாண்ட போவுதா, இல்ல பூச்சிகிட்ட வந்து நின்னு போச்சா?"

அன்னிக்கு அவரு சொன்னதத்தான் நான் இன்னிக்கு வரைக்கும் பாத்துட்டு இருக்கேன். ஏன்னு சொல்றேன். சந்தைல வர்ற முள்ளு பீஸு, பெரிய கண்ணு பீஸு முக்கால்வாசி மொராக்கோவுல இருந்து வருது, சஹாராவ ஒட்டின அல்நிஃப், எர்ஃபூத் மாதிரி ஊருங்க, அங்க இது குடும்பத் தொழில். அங்க பாறை கெட்டியான சுண்ணாம்புக்கல்லு, உள்ள பூச்சி இருக்கா இல்லயானு வெளிய இருந்து தெரியாது, அதனால சம்மட்டியால அடிச்சு உடைச்சு உடைச்சுப் பாப்பாங்க. உடைஞ்ச மொகத்துல மெல்லிசா ஒரு கருப்புக் கோடு வளைஞ்சு தெரிஞ்சா அதுதான் பூச்சியோட குறுக்குவெட்டு. உடனே ரெண்டு துண்டையும் பொறுக்கி ஒட்டிட்டு, அப்புறம் மேல இருந்து காத்துல ஓடற சின்ன உளியால கொஞ்சம் கொஞ்சமா கல்ல நீக்கி பூச்சிய வெளிய கொண்டு வருவாங்க, நல்ல பீஸுனா இதுக்கே நாள் கணக்காகும். அப்ப பாருங்க, அசல் பீஸுல பெரும்பாலும் ஒரு முடி விரிசல் இருந்தே ஆகணும், அது கல்லுல ஆரம்பிச்சு பூச்சி முதுகுல ஏறி மறுபக்கம் கல்லுலயே இறங்கணும். விரிசல் இருக்கேனு பயந்து வேணாம்னு வெக்கறான் புதுசா வாங்கறவன், அவன் வேணாம்னு வெச்சதுதான் அசல். ஒரு கீறல் இல்லாம வழவழனு இருக்கற மொராக்கோ பீஸு என் கைக்கு வந்தா எனக்கு வயிறு கலங்கும்.

டூப்புல என்ன ஆகும்னா விரிசல் பூச்சி ஓரத்துல வந்து டக்குனு நின்னுடும். இல்ல பூச்சியச் சுத்தி வரப்பு கட்டின மாதிரி ஒரு பட்டை இருக்கும், அந்தப் பட்டைல கல்லோட மணி மணியான தன்மை இருக்காது, மாவு பெசஞ்ச மாதிரி இருக்கும், அத மறைக்க மேல உளியால கண்டபடி கொத்தி வெச்சிருப்பான். கொத்தின தழும்பே டூப்புனு நினைச்சுடாதீங்க, அசல்லயும் உளித் தழும்பு இருக்கும், ஆனா அது நல்ல கல்லு மேல இருக்கும், பட்டி மேல இல்ல.

இப்ப கலரு. ட்ரைலோபைட்டோட ஓடு கால்சைட்டு, அதாவது சுண்ணாம்புக் கனிமம், அது பொதைஞ்ச சேறு வேற, அதனால ரெண்டுக்கும் கலரு கொஞ்சமாவது மாறும், கருப்புப் பூச்சி சாம்பல் கல்லுல, பழுப்புப் பூச்சி வெளிர்மஞ்சக் கல்லுல, இப்படி. பூச்சியும் கல்லும் ஒரே கலரு ஒரே மினுமினுப்புனா ரெண்டையும் ஒண்ணா வார்த்திருக்கலாம், இல்ல கல்லுலயே செதுக்கியிருக்கலாம். ஆனா இதுக்கு விலக்கு உண்டு, ஓடு கரைஞ்சு போயி உள்ள இருந்த அச்சு மட்டும் நிக்கற பீஸுங்க இருக்கு, அதுல பூச்சியும் கல்லும் ஒரே கலருல வரும், அதனால கலர மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்லாதீங்க.

நம்ம தொழில்ல ஒரு வசதி, இதுக்கு வேண்டிய சாமானெல்லாம் கடையிலயே இருக்கு. போர்டு சால்டர் பண்ண வெச்சிருக்கற மைக்ராஸ்கோப்பு அடில அந்த 4,500 ரூபா பீஸ வெச்சேன். கண்ணுகிட்ட ஃபோகஸ் பண்ணா குண்டூசித் துளை மாதிரி வட்ட வட்டமா ஓட்டை, பஜ்ஜி மாவுல குமிழ் வெடிச்ச மாதிரி. அது ரெசின், அதாவது ஊத்தினா இறுகற பிளாஸ்டிக் திரவம், அத ஊத்தும்போது மாட்டிக்கிட்ட காத்துக் குமிழி, பாறைல அவ்ளோ வட்டமா அவ்ளோ சீரா வராது. உங்ககிட்ட மைக்ராஸ்கோப் இல்லனா நகைக்கடைல வெச்சிருக்கற 10 மடங்கு லென்ஸ் போதும், அது இல்லாம வாங்கவே போவாதீங்க. குமிழி எங்க தேடணும்னா முள்ளோட அடில, கண்ணு மடிப்புல, உடம்பு வளையத்துக்கு நடு இடுக்குல, அங்கதான் காத்து தங்கும், மேடான எடத்துல தேய்ச்சு அடைச்சிருப்பான்.

கண்ணு பத்தி சொல்லணும். ஃபேகாப்ஸ்னு ஒரு ட்ரைலோபைட் வகை, அதுல கண்ணு லென்சு ஒவ்வொண்ணும் தனித்தனியா, வரிசையா, மாதுளை முத்து அடுக்கின மாதிரி வெறும் கண்ணுக்கே தெரியும், லென்சே கால்சைட்டுதான். கல்லுல செதுக்கின டூப்புல இது வராது, வெறும் கோடு கிழிச்சு வெச்சிருப்பான், இல்ல வழுக்கையா வுட்டிருப்பான். ஆனா லென்சு தெரியுதுனு உடனே காசு எடுக்காதீங்க, அசல் பீஸுல இருந்து அச்சு எடுத்து வார்த்தா லென்சும் சேந்தேதான் வரும், எனக்கு நடந்தது அதுதான்.

டெம்பர்டு கிளாஸ் ஒட்டற யூவி லைட்டு ஒண்ணு இருக்குமே, அது இல்லனா நோட்டு செக் பண்ற யூவி டார்ச்சு, கடை ஷட்டர இறக்கிட்டு இருட்டுல அடிச்சுப் பாருங்க. பட்டி, பசை, ரெசின் பல நேரம் வெளிர்நீலமா பளிச்சுனு எரியும், பாறை வேற மாதிரி இருக்கும், ஒட்டின எடமெல்லாம் ரோடு மேப்பு மாதிரி தெரிஞ்சுடும். எரியலனா அசல்னு அர்த்தம் இல்ல, எரியாத பசையும் இருக்கு. எரிஞ்சா அது எவ்ளோ எடத்துல எரியுதுனு பாக்கணும், ஒரு விரிசல் கோட்டுல மட்டும்னா ஒட்டின அசல், பூச்சி மொத்தமும் எரிஞ்சா டூப்பா இருக்க வாய்ப்பு அதிகம்.

அசிட்டோன், பஞ்சுல தொட்டு பூச்சியோட ஓரத்துல லேசா தேய்ச்சா பெயிண்டு கையோட வந்துடும், கால்சைட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நெயில் பாலிஷ் ரிமூவர்ல இப்ப பாதி அசிட்டோனே இல்லாம வருது, பாத்து வாங்குங்க, அடுப்பு பக்கம் வெச்சு செய்யாதீங்க. பஞ்சு கருப்பாச்சுனா உடனே அடிச்சுப் பேசாதீங்க, அசல் பீஸுக்கே ஷூ பாலிஷ் போட்டு மினுக்கறவன் இருக்கான், பெயிண்டு போன எடத்துல கீழ என்ன இருக்குனு பாருங்க, ஓடா மாவா. ஒண்ணு, ஃபெவிக்விக் மாதிரி பசையில ஒட்டின துண்டு அசிட்டோன் அதிகமா பட்டா எளகி கழண்டு வந்துடும், அதனால ஊற வெக்காதீங்க, அடுத்தவன் கடைல கேக்காம செய்யவே செய்யாதீங்க.

கடைசியா சால்டரிங் அயர்ன். இது நம்ம சொந்தப் பீஸுக்கு மட்டும், அதுவும் கண்ணுக்குப் படாத எடத்துல. பூச்சியோட அடி ஓரத்துல சூடான முனைய வெச்சேன், ஒரு செகண்டுல எளகி பள்ளம் விழுந்துச்சு, ஷார்ட் ஆன சார்ஜர் மாதிரி பிளாஸ்டிக் வாசனை கடை முழுக்க. கல்லுனா ஒண்ணும் ஆகாது. 4,500 ரூபாய்க்கு ஊதுவத்தி கொளுத்தின மாதிரி ஆச்சு.

பாத்ரூம் ஆசிட் ஊத்திப் பாக்கச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க. நுரை வரும், வந்து என்ன பிரயோஜனம், அசலும் சுண்ணாம்பு, டூப்புல கலந்த பொடியும் சுண்ணாம்பு, ரெண்டுலயும் நுரைதான். அசலா இருந்தா நீங்களே அரிச்சுக் கெடுத்த மாதிரி ஆயிடும்.

இதுக்கு நடுவுல ஒரு வகை இருக்கு, அதுதான் பேச்சுக்கு எடம் குடுக்கறது. முழு டூப்பும் இல்ல, முழு அசலும் இல்ல. தலை அசல், உடம்பு வேற பீஸோடது, வால் லப்பம். நம்ம ஊர்ல இருந்து புத்தூர் எவ்ளோ தூரம், அதனால நான் இதுக்கு "புத்தூர் கட்டு போட்ட பீஸு"னு பேரு வெச்சிருக்கேன். கட்டு போட்டது தப்பே இல்ல, உடைஞ்ச முள்ள அதே எடத்துல ஒட்டறது, விரிசல்ல கொஞ்சம் பட்டி பாக்கறது எல்லாம் இந்தத் தொழில்ல சகஜம். ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்துல கிடைக்கற அசாஃபஸ் கோவலெவ்ஸ்கினு ஒண்ணு, நண்டு மாதிரி கண்ணு ரெண்டும் நீளமான தண்டு மேல நிக்கும், அந்தத் தண்டு உடையாம வெளிய வந்தா அதிசயம், ஒட்டித்தான் இருக்கும். என் கேள்வி ஒண்ணுதான், சொல்லிட்டு விக்கறானா சொல்லாம விக்கறானா. "எத்தனை சதவீதம் அசல், எந்தெந்த எடம் ரிப்பேர்"னு நேரா கேளுங்க. யூவில பாத்து அவன் சொன்னதும் லைட்டு சொல்றதும் ஒத்துப் போச்சுனா அந்த ஆள்கிட்ட மறுபடியும் வாங்கலாம்.

உடம்பு வளையத்த எண்ணறது ஒரு நல்ல பழக்கம். தலை, நடு உடம்பு, வால்னு மூணு பாகம், ஆனா ட்ரைலோபைட்டுங்கற பேருல இருக்கற மூணு இது இல்ல, நீளவாக்குல நடுத்தண்டு ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணுனு மூணு மடல், அதுக்குத்தான் அந்தப் பேரு. நடு உடம்புல ஃபேகாப்ஸ் வகைக்கு 11 வளையம், கேலிமினிக்கு 13, அசாஃபஸுக்கு 8, அக்னாஸ்டஸ்னு கடுகாட்டம் இருக்கற பொடிசுக்கு வெறும் 2. பெரிய ஃபேகாப்ஸ்னு சொல்லி 9 வளையத்தோட ஒருத்தன் போட்டோ அனுப்பினான், நடுவுல ரெண்டு வளையம் எங்கப்பா போச்சுனு கேட்டேன், ப்ளாக் பண்ணிட்டான்.

முள்ளு பீஸு எல்லாம் டூப்புனு மட்டும் நினைச்சுடாதீங்க. வாலிசெரோப்ஸ்னு ஒண்ணு, மொராக்கோதான், மூக்குல திரிசூலம் மாதிரி மூணு கவை நீட்டிட்டு நிக்கும், எர்பெனோக்கைல்னு ஒண்ணு, கண்ணு ரெண்டும் கோபுரம் மாதிரி, மேல வெயிலுக்கு சன்ஷேடு வெச்ச மாதிரி ஒரு விளிம்பு. பாத்தா எவனோ கற்பனைல செஞ்சதுனு சத்தியம் பண்ணுவீங்க, ரெண்டும் நெஜம். ஆனா அந்த முள்ள ஒவ்வொண்ணா கல்லுல இருந்து விடுவிச்சு அந்தரத்துல நிக்க வெக்கற கூலிய யோசிங்க, அது 4,500 ரூபாய்க்கு வராது. முள்ளு அதிகம், விலை கம்மி, இது ரெண்டும் ஒரே பீஸுல சேராது. அதே மாதிரி பலகை சைசுல ஒரே கல்லுல பத்து பூச்சி ஒரே பக்கம் பாத்துட்டு அணிவகுப்பு நடத்தற மாதிரி இருந்தா, கல்ல ஓரத்துல இருந்து பாருங்க, குழி தோண்டி நட்டு வெச்சது தெரியும். தட்டு சைசுல வர்ற கேம்ப்ரோபாலஸ், பாரடாக்சைடிஸ் ரெண்டும் புதுசா வாங்கறவங்க தொடவே வேணாம், அதுல வார்த்ததும் பெயிண்டு அடிச்சதும் ரொம்ப அதிகம்.

அப்ப எதுல ஆரம்பிக்கறது? எல்ராத்தியா கிங்கி. அமெரிக்காவுல யூட்டா மாநிலம், ஹவுஸ் ரேஞ்சுனு மலை, வீலர் ஷேல்னு பாறை, சுமார் 50 கோடி வருஷம் பழசு. கருப்பா, நம்ம புளியங்கொட்டைல இருந்து எலுமிச்சங்காய் வரைக்கும் சைசு, 13 வளையம். அங்க அள்ள அள்ள கிடைக்குது, கல்லுல இருந்து பூச்சி தானாவே தனியா கழண்டு வரும், அதனால விலை கம்மி, டூப்பு செய்யற கூலி கூட கட்டாது. திருப்பிப் பாத்தா அடில கால்சைட்டு தடியா சொரசொரப்பா படிஞ்சிருக்கும். கன்னம் ரெண்டும் இல்லாம மூளியா நிறைய வரும், அது உடைஞ்சது இல்ல, பாம்பு சட்டை உரிக்கற மாதிரி இது ஓட்ட உரிக்கும்போது கன்னம் கழண்டுக்கும், நாம வாங்கறதுல பல பேரு உரிச்ச சட்டையதான் வாங்கறோம்.

நம்ம பக்கம் ஒரு தனி வியாபாரம் நடக்குது, அதயும் சொல்லிடறேன். "இது கடப்பால எடுத்தது சார்", "நகரி மலைல கிடைச்சது"னு ஒருத்தன் ட்ரைலோபைட் காட்டினா பேசாம நடையக் கட்டுங்க. நகரியில இருக்கற நம்ம மூக்கு மலையோட குவார்ட்சைட்டுப் பாறை கடப்பா படுகைல சேந்தது, 100 கோடி வருஷத்துக்கு மேல பழசு, அது படியும்போது ட்ரைலோபைட்டு இல்ல, ஓடு போட்ட எந்த ஜீவனுமே இல்ல. கடப்பா பக்கத்துப் பாறைல ஸ்ட்ரோமடோலைட்டுனு பாசி மாதிரி நுண்ணுயிர் அடுக்கடுக்கா கட்டின தடம் உண்டு, அது உண்மையான பாசில், அழகா வெங்காயம் வெட்டின மாதிரி இருக்கும். கல்லப் பொளந்தா செடி மாதிரி கருப்பா கிளை விட்டிருக்குமே, அது செடியும் இல்ல பாசிலும் இல்ல, மாங்கனீஸ் தண்ணில வந்து படிஞ்சது. அந்தாண்ட சத்தியவேடு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் களிமண் பாறைல இலைத் தடம் கிடைக்கும், நெசமான பாசில்தான், ஆனா அது டைனோசர் காலத்துது, ட்ரைலோபைட் போய்ச் சேந்து பல கோடி வருஷத்துக்கு அப்புறம். இந்தியாவுல ட்ரைலோபைட்டே இல்லனு சொல்லல, இமயமலைல ஸ்பிதி, காஷ்மீர் பக்கம் இருக்கு, ஆனா மலை நசுக்கின நசுக்குல சப்பையா கோணலாதான் வரும், கருகருனு முள்ளோட நிக்காது.

ஆன்லைன்ல வாங்கறதுனா போட்டோவ நம்பாதீங்க, வீடியோ கேளுங்க, வெயில்ல பக்கவாட்டுல சாச்சு மெதுவா சுத்திக் காட்டச் சொல்லுங்க, அடிப்பக்கம், நாலு ஓரம், பூச்சி கல்லோட சேர்ற எடம் க்ளோசப்புல. பூச்சியோட மொகத்த மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பறவன்கிட்ட மாமா கேட்டத நீங்களும் கேளுங்க. அதே ஆளு போட்ட பழைய பீஸு படத்தயெல்லாம் ஒருவாட்டி தள்ளித் தள்ளிப் பாருங்க, கடுகு சைசு பள்ளம் ரெண்டுல ஒரே எடத்துல இருக்கானு.

வாங்கின பிறகு மறக்காம ஒரு சீட்டு எழுதி கூடவே வெச்சுடுங்க, பேரு, நாடு, ஊரு, எந்தப் பாறை, எவ்ளோ ரிப்பேரு, எவ்ளோ காசு, தேதி. சீட்டு போனா பீஸோட பாதி மதிப்பு போச்சு. என் தட்டுல எல்லாத்துக்கும் சீட்டு உண்டு, அந்தக் கருப்பு முள்ளு பீஸுக்கும் உண்டு, தூக்கிப் போடல, வர்ற பசங்களுக்கு அசல் பக்கத்துல வெச்சுக் காட்டறதுக்கு அதவிட நல்ல பீஸு இல்ல. அதுக்கு சீட்டு மாமாவே எழுதினாரு: "லப்பம். திருப்பதி. 4,500 ரூபா. மாப்ள."